ஐம்பாலிலிருந்து 3ஏ வரை: தலைமயிரை வகைபிரித்த கதை

எங்கட பட்ஜில இப்ப கன பிள்ளைகளுக்குத் தங்கட தலைமயிரின் நம்பர் தெரியும். ஒருத்தி 2பி, இன்னொருத்தி 3ஏ, கோரைமுடிக்காரி 1சி. இரத்த வகையைச் சொல்லுற மாதிரிச் சொல்லுறாங்க. யூடியூப்பில ஆரோ ஒரு அக்கா வந்து ‘முதலில் உங்கள் வகையைக் கண்டுபிடியுங்கள்’ எண்டு தொடங்கி, மறுகா என்ன ஷாம்பு, என்ன எண்ணெய், எத்தனை நாளைக்கு ஒருக்கா முழுகிறது எண்டு வரிசையாகச் சொல்லி முடிப்பா. அது பிழையில்லை, சில விசயம் உதவியும் செய்யுது. ஆனால் கலைப்பீடத்தில வரலாறு படிக்கிற ஆக்களுக்கு மனிச உடம்பில ஒரு நம்பரைக் கண்டால் சும்மா இருக்க ஏலாது. இந்த நம்பரை ஆர் போட்டது? என்னத்துக்குப் போட்டது? தேடிக்கொண்டு போனால் கதை அமிர்தகழிக்குப் பக்கத்திலயும் வந்து நிற்குது.

முதலில் ஒரு சின்ன அறிவிப்பு. இதை வாசிக்கிற தமிழ்நாட்டு நண்பர்கள் ‘தலைமயிர்’ என்ற சொல்லைப் பார்த்து முகம் சுளிக்கவேண்டாம். அங்கே அது வசைச்சொல்லாகிவிட்டது. எங்கட ஊரில பெத்தா பேத்தியின் தலையைத் தடவி அன்பாகச் சொல்லுற சொல்லும் அதுதான்.

தமிழில் கூந்தலுக்கு உள்ள பெயர்களை எண்ணினால் கைவிரல் காணாது. கூந்தல், குழல், ஓதி, கதுப்பு, கூழை, அளகம். ஆண்களுக்குக் குஞ்சி, குடுமி. இதில எங்களுக்கு முக்கியமாகப் பட்டது ‘ஐம்பால்’ என்ற சொல். பெண்களின் கூந்தலைப் பழைய உரைகாரர்கள் முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று ஐந்தாகப் பிரித்தார்கள். உச்சியில் முடிகிறதா, பக்கத்தில் செருகுகிறதா, சுருட்டி முடிகிறதா, பின்னி விடுகிறதா என்று, கை செய்கிற வேலையை வைத்துத்தான் அந்தப் பிரிப்பு. ஒரே பெண் காலையில் கொண்டையும் பின்னேரம் குழலுமாக இருக்கலாம். நீ இன்ன வகைக்காரி என்று அது ஆரையும் கட்டிப்போடவில்லை. அதுக்காகப் பழந்தமிழர் ஆரையும் தரம் பிரிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. தரம் பிரிக்க அவங்களுக்கு வேற வழி தாராளமாகக் கிடந்தது.

தலைமயிரை வைத்து மனிதரையே வகைபிரிக்கிற வேலை ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில்தான் பெரிதாகச் சூடு பிடித்தது. பிரான்சின் போரி டி செயின்ட் வின்சென்ட் என்ற இயற்கையியலாளர் 1820களில் மனிதரை நேர்மயிர்க்காரர், கம்பளிமயிர்க்காரர் என்று இரண்டாக வெட்டினார். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பீட்டர் பிரவுன் என்ற வழக்கறிஞர் ஊர் ஊராக ஆக்களின் மயிரைச் சேர்த்து, ஆல்பத்தில ஒட்டி, குறுக்கே வெட்டிப் பார்த்து, மனிதர் ஒரே இனமே இல்லை என்று 1850களில் வாதிட்டார். அடிமை முறைக்குச் சாட்சி தேடின காலம் அது, மயிரும் சாட்சிக்கூண்டில ஏறியது. 1863இல் புரூனர் பே மைக்ரோஸ்கோப்பில் மயிரின் குறுக்குவெட்டைப் பார்த்து, வட்டம், முட்டை வடிவம், தட்டை என்று இனங்களைப் பிரித்தார். 1868இல் ஜெர்மனியின் எர்னஸ்ட் ஹெக்கல் மனிதரைப் பல ‘இனவகை’யாகப் பிரித்தபோது முதல் கோடு போட்டதே தலைமயிரில்தான். கம்பளிமயிர்க்காரரைக் கீழ்ப்படியிலும் நேர்மயிர்க்காரரை மேலேயும் வைத்தார். 1870இல் இங்கிலாந்தின் ஹக்ஸ்லி, தக்காணத்து மக்களையும் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளையும் ஒரே கூட்டத்தில் சேர்த்தார். அவர் பார்த்த அடையாளங்களில் நெளிமயிரும் ஒன்று.

இதெல்லாம் எங்கயோ நடந்த கதை இல்லை. ஹெக்கல் 1881 கடைசியில் இலங்கைக்கே வந்து வெலிகமவில் தங்கிப் பயணக்கதை எழுதினவர். அவருக்குப் பின்னால் 1883இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்திலிருந்து போல் சாரசின், பிரிட்ஸ் சாரசின் என்று இரண்டு உறவுக்காரர் வந்தார்கள். பல பேர் அவர்களைக் கூடப்பிறந்த சகோதரர் என்று எழுதுவார்கள், இல்லை. வேடர்களைத் தேடிப் போய், அளந்து, படமெடுத்து, எலும்பும் சேர்த்து, 1892-93இல் ‘இலங்கையின் வேடர்’ என்று ஜெர்மன் மொழியில் பெரிய நூல் போட்டார்கள். மண்டையோட்டின் கொள்ளளவு, தோலின் நிறம், மயிரின் நெளிவு எல்லாம் அட்டவணையாக ஏறியது. முடிவு முன்னமே எழுதிவைத்ததுதான்: வேடர் மனித குலத்தின் அடிப்படியில் நிற்கிறவர்கள்.

1907-08இல் சார்ல்ஸ் செலிக்மன், பிரெண்டா செலிக்மன் தம்பதி வந்து ஆய்வுசெய்து, 1911இல் ‘வேடர்’ என்ற நூலை வெளியிட்டார்கள். மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையிலான கரையில வாழ்ந்த, தமிழ் பேசுகிற, மீன்பிடிக்கிற கரையோர வேடர்களைப் பற்றியும் அதில் உண்டு. அமிர்தகழியிலிருந்து வடக்கே, வாகரைப் பக்கம் போற அதே கரைதான். எங்கட கம்பஸில எங்களோட ஒரே வாங்கில இருக்கிற பிள்ளைகள் சிலரின் ஊர். 2019 நவம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த ஒன்பது வேடர் மண்டையோடுகளை வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோவிடம் திருப்பிக் கொடுத்தது. மண்டையோடு திரும்பி வந்தது செய்தியானது. அட்டவணையில் எழுதின வார்த்தைகள் இன்னும் நூலகங்களில அப்படியே கிடக்கு.

அட்டவணை சட்டமானால் என்ன நடக்கும் என்பதைத் தென்னாபிரிக்கா காட்டியது. 1950இன் மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதியச் சொன்னது. சந்தேகமான ஆக்களின் தலைமயிரில் ஒரு பென்சிலைச் செருகுவார்கள். தலையை ஆட்டப் பென்சில் விழுந்தால் வெள்ளையர், சிக்கினால் இல்லை. 1955இல் வெள்ளையர் என்று பதிந்த தாய் தகப்பனுக்குப் பிறந்த சாண்ட்ரா லெயிங் என்ற பிள்ளை, நிறமும் சுருட்டைமுடியும் காரணமாக 1966இல், பத்து வயதில், பள்ளிக்கூடத்தால் வெளியேற்றப்பட்டு ‘கலப்பினம்’ என்று மறுபதிவு செய்யப்பட்டாள். ஒரு தலைமயிர்ச் சுருளின் விலை அது.

இப்ப 3ஏக்கு வருவம். இந்த நம்பர் முறையைப் பிரபலமாக்கினவர் ஆன்ட்ரே வாக்கர். ஓப்ரா வின்ஃப்ரியின் சிகையலங்காரக்காரர், ஆபிரிக்க அமெரிக்கர். 1997இல் வந்த அவருடைய நூலில் 1 நேர், 2 நெளி, 3 சுருட்டை, 4 இறுகின சுருட்டை என்று வருகிறது, ஏ, பி, சி எல்லாம் அதன் உட்பிரிவு. நோக்கம் பராமரிப்புத்தான். ஆனாலும் வரிசையைப் பாருங்கள், 1 எங்கே நிற்குது, 4 எங்கே நிற்குது? நேர்முடியில் தொடங்குகிற பழக்கம் நூற்றாண்டு தாண்டியும் போகவில்லை. 2007இல் லோரியல் ஆய்வாளர்கள் பல நாட்டவரின் மயிரை எடுத்து, இனப்பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுருளின் விட்டத்தையும் திருகலையும் மட்டும் அளந்து எட்டு வகை சொன்னார்கள். ஒரே நாட்டுக்குள்ளேயே பல வகை கிடந்தது. மட்டக்களப்புச் சந்தையில அரை மணித்தியாலம் நின்றால் எங்களுக்கும் அது தெரிஞ்சிருக்கும்.

வகை தெரிவதால் பயன் இல்லையா? இருக்கு. மயிர் முளைக்கிற குழி வளைவாக இருந்தால் மயிர் சுருளும். தலைத்தோலில் ஊறுகிற எண்ணெய் நேர்மயிரில் வழுக்கிக்கொண்டு நுனிவரை போயிடும், சுருட்டையில் ஒவ்வொரு வளைவிலும் நின்றுவிடும். அதனாலதான் சுருட்டைமுடி அடியில் பிசுபிசுத்தாலும் நுனியில் காய்ந்து கிடக்கும். கோரைமுடியைக் கொஞ்சம் காயவிட்டு வாருவது நல்லம், ஏனென்றால் நனைந்த மயிர் இலகுவில் அறும். சுருட்டைக்காரர் ஈரம் இருக்கும்போதே பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்கவேணும். காய்ந்த சுருட்டையை வாரினால் பரட்டைதான். பள்ளிக்கூடத்தில ‘பரட்டை’ எண்டு பேர் வாங்கின எங்களில பாதிப்பேர் உண்மையில் தவறான நேரத்தில் வாரப்பட்ட சுருட்டைக்காரர்.

தேங்காயெண்ணெய் பற்றிப் பெத்தாமார் சொன்னதில் பெரும்பகுதி சரி. 2003இல் வந்த ஓர் இந்திய ஆய்வு தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டது. மயிரிலிருந்து புரதம் கழுவுப்பட்டுப் போறதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லோரிக் அமிலத்தின் சிறிய, நேரான மூலக்கூறு மயிருக்குள்ள இறங்கும். ஆய்வைச் செய்தது தேங்காயெண்ணெய் விற்கிற மாரிகோ நிறுவனத்தின் ஆக்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேணும், வரலாற்று மாணவருக்கு மூலம் முக்கியம். ஒரு திருத்தமும் உண்டு: பொடுகு இருக்கிற தலையில் எண்ணெயை அப்பினால் பொடுகு கூடும். பொடுகோடு சம்பந்தப்பட்ட பூஞ்சணத்துக்குக் கொழுப்புத்தான் சாப்பாடு.

வாவிக்கரைக் கிணறுகளின் உவர்த் தண்ணியும் இதில சேரும். உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணியில் சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளைப் படிவாய்த் தலையில் ஒட்டும். சீயாக்காயின் நுரை சப்போனின் என்ற பொருளால் வருவது. அது சவர்க்காரம் போலப் படிவு கட்டாது. தேசிக்காய்ப் புளி ஏற்கெனவே ஒட்டினதையும் கழற்றும். சீயாக்காயும் தேசிக்காயும் அவிச்சு முழுகின ஆக்கள் இந்தத் தண்ணிக்கு ஏற்ற வழியைத்தான் வைத்திருந்தார்கள். சித்திரை வருசப்பிறப்புக்கு முதல் தலையில் வைக்கிற மருத்துநீரை நாங்கள் சின்னனில் முகத்தைச் சுளிச்சுக்கொண்டு வைத்தோம். தாழம்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், மஞ்சள், மிளகு, சுக்கு என்று பட்டியல் போகும். தலைக்கு எந்த இலை, காலுக்கு எந்த இலை என்று ஒவ்வொரு வருசமும் பஞ்சாங்கம் சொல்லும். அது தலைமயிரை வளர்க்கும் என்று எந்தப் பஞ்சாங்கமும் சொன்னதில்லை, முகநூல்தான் சொல்லுது.

ஆபத்தான பக்கமும் ஒன்று இருக்கு. கலியாணப் பேச்சுத் தொடங்கினவுடன் சுருட்டைமுடிக்காரியை சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போய் நேராக்குவது இப்ப சாதாரணம். நேராக்கும் மருந்துகள் மயிருக்குள் இருக்கிற கந்தகப் பிணைப்புகளை உடைத்தோ மாற்றியோதான் வேலை செய்யும். சிலதிலிருந்து ஃபோமல்டிஹைட் வாயு வரும், அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகப் பட்டியலில் இருக்கு. அமெரிக்காவில் 33,497 பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2022இல் வெளியானது. நேராக்கியை ஒருநாளும் பாவிக்காதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், வருசத்துக்கு நாலு தரத்துக்கு மேல் பாவித்தவர்களில் 4.05 சதவீதம். தொடர்பு என்றுதான் ஆய்வு சொல்லுது, காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனால் கலியாணத்துக்கு ஒருநாள் செய்வதும் மாதா மாதம் செய்வதும் ஒன்றில்லை என்பது விளங்கும்.

வயதோடு மாறுகிற கதை இதைவிடச் சுவாரசியம். தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர்க்குழி. ஒவ்வொரு மயிரும் இரண்டிலிருந்து ஆறு வருடம் வளரும், மாதம் ஒரு சென்டிமீற்றர் அளவில், மறுகா ஓய்வெடுத்து விழும். நாளைக்கு நூறு வரை கொட்டுவது வழமை. 31ஆம் நாள் துடக்குக் கழித்துப் பிள்ளைக்கு மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பது நம்பிக்கை. மில்ட்ரட் ட்ரொட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்று அறிஞர் மழிப்பதால் வளர்ச்சி மாறுவதில்லை என்று 1928இலேயே காட்டிவிட்டார். பிறந்த மயிர் எப்படியும் விழத்தான் போகுது. பருவ வயதில் சுரப்புகள் மாற, நேராக இருந்த தலை நெளிவதும் உண்டு. அம்மாமார் ‘ஷாம்பு மாத்தினதால வந்தது’ எண்டு ஏசுவார்கள், பாவம் ஷாம்பு.

பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று ஊரில சொல்லுவாங்க. பிள்ளையில பழியைப் போட்டாலும் கணக்குச் சரி. வயிற்றில பிள்ளை இருக்கும்போது ஈஸ்திரஜன் கூடி, விழவேண்டிய மயிர் விழாமல் நிற்கும். பெற்ற பிறகு எல்லாம் ஒன்றாய் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதத்தில் கொத்தாய்க் கொட்டும். பிள்ளை சிரிக்கிறதும் அந்த நேரந்தான். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் திரும்பி வரும். டெங்கு காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுவதும் இதே மாதிரி, மூன்று மாதம் பிந்தித்தான் தெரியும். பயந்து எண்ணெய்க்குக் காசைக் கொட்டவேண்டாம்.

மாதம் ஒரு சென்டிமீற்றர் என்ற கணக்கு எங்கட ஊரில வேறொரு கதையையும் சொல்லும். கூந்தல் விரித்த பெண்ணை இந்தக் கரை நல்லாய் அறியும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்தி பாடிக் குளிரவைப்பது தலைவிரி கோலத்தில் நின்றவளின் கோபத்தைத்தான். பாண்டிருப்பில் தீமிதிப்போடு கொண்டாடப்படுகிற திரௌபதையும் சபதம் முடியும்வரை கூந்தல் முடியாதவள். இயக்கத்துக்குப் போன பெண்கள் முதலில் இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டினார்கள், மறுகா கட்டையாக வெட்டினார்கள். 2004 சித்திரையில் கிழக்கில் இயக்கம் பிளந்தபோது நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். உடுப்பை மாற்றலாம். கட்டைத் தலைமயிரை மாற்ற ஏலாது. தோளளவுக்கு வளர இரண்டு வருடம், முதுகுக்குப் பின்னல் விழ நாலு வருடம். எல்லாருக்கும் தெரிகிற அடையாளத்தோடு அந்த மாதங்களை அவர்கள் வீட்டுக்குள் கழித்தார்கள். அந்த வயதுக்காரர் இப்ப நாற்பதை நெருங்கி, முதல் நரையைக் காணுகிற ஆக்கள்.

நரைக்கு வருவம். தமிழில் நரைக்குக் கிடைத்த மதிப்பு வேற. இளவயதுக் கரிகாலனிடம் வழக்குக் கொண்டுவந்த முதியவர்கள் ‘இந்தப் பொடியனுக்கு என்ன தெரியும்’ என்று தயங்க, அவன் நரைமுடியைச் சூடிக்கொண்டு வந்து தீர்ப்புச் சொன்னதாகப் பழமொழி நானூறு நினைவுகூரும். இன்னொரு பக்கம் புறநானூற்றின் 191ஆம் பாட்டில் பிசிராந்தையாரிடம், வயது போயும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்கிறார்கள். அவர் எண்ணெய் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனைவி மக்கள், சொல் அறிந்து நடக்கிற ஏவலர், தீங்கு செய்யாத அரசன், ஊரில் சான்றோர் என்று காரணம் அடுக்குகிறார்.

2020இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எலிகளில் ஒன்று கண்டார்கள். கடும் மனவழுத்தத்தில் நரம்புகள் விடுகிற நோர்அட்ரினலின், மயிருக்கு நிறம் கொடுக்கிற மூலவுயிரணுக்களைத் தீர்த்துவிடுகிறது. அடுத்த வருடம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 14 பேரின் மயிரை நீளவாட்டில் துண்டு துண்டாய் ஆராய்ந்தபோது, சில மயிர்கள் அழுத்தம் குறைந்த காலத்தில் திரும்பவும் கறுத்திருந்தன. உடனே ‘அன்றே சொன்னான் தமிழன்’ எண்டு ஸ்டேட்டஸ் போடவேண்டாம். நரையின் பெரும்பங்கு பரம்பரையும் வயதும்தான். ஐம்பது வயதில் பாதிப்பேருக்குப் பாதித்தலை நரைக்கும் என்ற பழைய கணக்கே 2012இல் பிழைத்தது. ஐம்பதுக்குக் கிட்டப் பாதித்தலை நரைத்தவர் உலகளவில் 6 முதல் 23 சதவீதம் மட்டும். ஆனால் தீங்கு செய்யாத அரசன் இல்லாத ஊரில், முப்பதிலேயே தலை வெளுத்த தாய்மாரை வைத்துக்கொண்டு அந்தப் பாட்டை வாசிக்கிறபோது எங்களுக்கு அது வேற மாதிரித்தான் கேட்குது.

நரைத்த பிறகும் மாற்றம் நிற்காது. எண்ணெய்ச் சுரப்புக் குறைந்து மயிர் வறளும், மாதவிடாய் நின்ற பிறகு ஒவ்வொரு மயிரும் மெலியும், வகிடு அகலும், சுருள் தளரலாம் அல்லது முன்னைவிட முறுகலாம். இளவயதில் 3ஏ என்று எழுதிவைத்த நம்பர் அப்ப செல்லாது. பெத்தாமார் உதிர்ந்த மயிரைச் சீப்பிலிருந்து எடுத்துச் சுருட்டி ஓட்டுக்குள் செருகிவைத்து, சேர்த்து, பொய்முடி கட்டிக் கொண்டைக்குள் வைத்தார்கள். அதில இருபது வயதுக் கறுப்பும் அறுபது வயது வெள்ளையும் ஒன்றாய்க் கிடக்கும். சாயம் பூசுகிறவர்கள் பீபீடி என்ற பொருள் ஒத்துக்கொள்ளுமா என்று இரண்டு நாளுக்கு முதல் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்துப் பார்க்கட்டும். கை சிவந்து கடித்தால் பெட்டியைத் திருப்பிக் கடையில குடுங்கோ.